சப்பரத்துக்கு அளந்த தோள்

ஆன்டிகுவா,
பாஸ்கா முடிந்த செவ்வாய்க்கிழமை

என் கண்ணு நினெத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மா அராசெலியும் நலம், மொட்டைமாடியில் நின்று போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் குரைக்கிற நம் நாயும் நலம், அங்கே வின்னிபெக்கில் பனியெல்லாம் உருகி நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்துவிடுவாள், அவள் விட்டால் நீ ஆபீசில் அடுத்த ஆள் லைனில் காத்திருக்கிறான் என்று வைத்துவிடுவாய், எனக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தைரியம் வராமல் மழை வெயில் பற்றியே பேசி முடிப்பேன். இந்த ஊர்ப் பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்து முப்பது வருஷம் பிறந்தவர் பேரும் இறந்தவர் பேரும் எழுதிய கை இது, எழுத்தில் என்றால் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, வலி போய்விட்டது, வாய் மட்டும் முன்னைப்போலவே இருக்கிறது. முற்றத்து அவகாடோ மரம் இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லை. உனக்கு ஒன்று அனுப்ப வழியில்லையே என்று ஒவ்வொன்றையும் அறுக்கும்போதும் அவள் சொல்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் அன்று நீ பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இடுப்பைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைய வேண்டும், உடம்பை அசைக்க வேண்டும் என்று உன் டாக்டர் சொன்னாராம், குடும்பத்தில் இதயக் கோளாறு உண்டு என்று நீ சொன்னதால் முதலில் ட்ரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு நாளும் குறித்துக் கொடுத்தாராம், நீ போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "உங்க இதயம்தானேப்பா எனக்கும். முப்பத்தொரு வருஷம் உக்காந்தே ஓட்டியாச்சு, இப்பப் போய் மெஷின்மேல ஏறி விழணுமா. நம்ம வம்சமே இப்படித்தான், விடுங்க" என்றாய். நானும் சரி கண்ணு என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டு, இலையில் கட்டி வேகவைத்த தமாலை அம்மா எனக்காகப் பிரித்துவைத்திருந்தாள், அதைத் தொடாமல் எழுந்து முற்றத்தில் போய் நின்றேன். ஏனென்றால் நீ சொன்னது பொய் என்று அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் இதிலேயே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

என் இதயக் கதை உனக்குத் தெரிந்ததுதான். எட்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே ஏதோ ஊதுகிற மாதிரி சத்தம் வருகிறது, பையனை ஓடவிடாதீர்கள் என்று சொல்லிப் போனார். அவ்வளவுதான், அதோடு என்னை உட்காரவைத்தார்கள். மற்றப் பையன்கள் பந்து விளையாடும்போது நான் அவர்கள் சட்டைக்கும் பைக்கும் காவல். மரம் ஏறக்கூடாது, குளத்தில் இறங்கக்கூடாது, புனித வாரத்தில் ஊரே சப்பரம் தூக்கும்போது நான் நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும். பதினாறு வயதில் என் வயசுப் பையன்களெல்லாம் ஊதா அங்கி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள், நான் அவர்களுடைய அக்கா தங்கைகளோடு பாப்கார்ன் தின்றுகொண்டு நின்றேன். வேலையும் உட்கார்ந்த வேலையாக அமைந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டுக்கு மூன்றாம் மாதம் பொத்தான் போட முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நூற்றெட்டு கிலோ, இடுப்பு நாற்பத்தாறு அங்குலம், ஷூ கயிற்றைக் கட்ட உன் அம்மா குனிய வேண்டியிருந்தது. குனியும்போதெல்லாம் திட்டுவாள், திட்டிக்கொண்டே கட்டுவாள்.

அந்தச் சமயத்தில் எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது, உனக்கு நினைவிருக்கும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்க ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள், உன்னைவிடச் சின்னப் பெண். அவள் கருவியை நெஞ்சில் வைத்து அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக இந்த இதயத்தோடு இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நாற்பத்திநாலு வருஷம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் திரையை என் பக்கம் திருப்பி, "ஐயா, இதுல ஒண்ணுமே இல்ல. நல்ல இதயம். சின்னப் பிள்ளைங்க நிறைய பேருக்கு அப்படிச் சத்தம் வரும், வளர்றப்ப போயிடும். திரும்ப யாருமே கேட்டுப் பாக்கலியா?" என்றாள். யாரும் கேட்டுப் பார்க்கவில்லை மகளே. நானும் காட்டவில்லை. ஒருதரம் காட்டியிருந்தால் போதும். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அந்த டாக்டர் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது, அவர் பேரைப் பதிவேட்டில் எழுதியவனே நான்தான். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள், அப்படியானால் இனி உங்கள் ஷூவை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றாள்.

புண் ஆறியதும் கையெழுத்துப் போட்டது மாதிரி ஒரு முடிவு செய்தேன், ஒருதரமாவது பெரிய வெள்ளிக்கிழமை சப்பரத்துக்குத் தோள் கொடுப்பது என்று. எதிர்வீட்டு பேக்கரிக்காரர் ஒப்துலியோவிடம்தான் முதலில் சொன்னேன். காலையில் நாலு, சாயங்காலம் நாலு என்று இனிப்பு ரொட்டி வாங்குகிற வாடிக்கையாளன் போய்விட்டானே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார், அப்புறம் அவரே தானும் வருகிறேன் என்று கிளம்பினார், அவருக்கும் தொப்பை சும்மா இல்லை. ஆபீஸ் விட்டதும் இருவரும் சிலுவைக் குன்றின் படிக்கட்டு. முதல் நாள் முப்பத்தொன்றாம் படியில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது, காதுக்குள் திமுதிமு என்று இடிக்கிறது, அப்படியே கல்லில் சாய்ந்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தேன். கேலியில்லை, உண்மையாகவே காத்திருந்தேன். வரவில்லை. ஒப்துலியோ இரண்டு தடவை கேட்டார், "அண்ணே, செத்தாச்சா, இல்ல மேல போலாமா?" அந்தப் பயம் போக மூன்று மாதம் ஆயிற்று. கொழுப்பைக் கரைப்பதைவிட அதுதான் கஷ்டம். நெஞ்சு வேகமாக அடித்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், நிற்கப் போகிறது என்று அர்த்தமில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததை ஒவ்வொரு படியிலும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நின்று தன்னிடம் வரச் சொல்லியிருந்தாள், அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன்.

சாப்பாட்டில் உன் அம்மாவோடு பெரிய யுத்தம். எட்டுச் சோள ரொட்டியை மூன்றாக்கினேன், காபியில் சர்க்கரையை நிறுத்தினேன், கலர் பாட்டிலைத் தொடுவதில்லை, பீன்ஸும் முட்டையும் கீரையும் வயிறு நிறைய. எலும்பும் தோலுமாக ஒரு ஆளை வைத்துக்கொண்டு தெருவில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று சண்டை பிடித்தாள், பீன்ஸுக்கு அடியில் பாலாடையை ஒளித்துவைத்தாள், கண்டுபிடித்தால் அது தானாக விழுந்தது என்றாள். எட்டு மாதத்தில் தொண்ணூற்று நாலுக்கு வந்தேன். அதோடு தராசு முள் நின்றது. இரண்டு மாதம் ஏறி ஏறிப் பார்க்கிறேன், அதே தொண்ணூற்று நாலு. கோபத்தில் தராசைத் தூக்கி ஒப்துலியோவிடம் கொடுத்து மாவு நிறுக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தோளைப் பழக்க வேண்டாமா என்று இருபது கிலோ மாவு மூட்டையை என் வலது தோளில் ஏற்றினார். அன்றிலிருந்து பேக்கரிக் கொல்லையில் மூட்டையோடு நடை, மாசத்துக்கு ஐந்து கிலோ கூட்டி நாற்பது வரை. அடுப்படிப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள், மாவைத் திருடிக்கொண்டு ஓடத் தெரியாமல் சுற்றுகிறார் என்பார்கள். டாக்டரம்மா தராசைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள் என்றாள். உன் அம்மா தையல் டேப்பை எடுத்துச் சுற்றினால் இடுப்பு நாற்பது. எடை நின்ற அந்த இரண்டு மாதத்திலேயே இரண்டு அங்குலம் போயிருந்தது. அன்றைக்கு உன் அம்மா நம்பாமல் டேப்பை இன்னொருதரம் சுற்றிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து பாலாடை தானாக விழுவது நின்றது.

போன அக்டோபரில் சப்பரத்துக்குப் பேர் கொடுக்கப் போனோம். தோள் உயரம் அளப்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, குச்சியைத் தரையில் நிறுத்தித் தோள்வரை கணக்கெடுத்து, ஒரே உயரக்காரர்களை ஒரு வரிசையில் போட்டால்தான் பாரம் எல்லோருக்கும் சமமாக விழும். எனக்கு நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று சீட்டில் எழுதினார்கள். ஒப்துலியோவுக்கும் அதே அளவு, எனக்கு நேர் பின்னால் அவர் இடம். ஜனவரியில் அம்மா எனக்கு ஊதா அங்கி தைத்தாள், ஓரம் சரியாகக் கணுக்காலில் நின்றது. தவக்காலத்தில் எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஓரம் மேலே ஏறி நிற்கிறது. துவைத்துப்போட்டதில் துணி சுருங்கிவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அம்மா கடைவரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். நானும் சேர்ந்து திட்டினேன். சுருங்கியது துணியில்லை, நிமிர்ந்தது நான் என்று எங்கள் இருவர் மண்டைக்கும் எட்டவில்லை. முப்பது வருஷம் மேஜைமேல் கூன்போட்டு உட்கார்ந்த முதுகு, மூட்டை தூக்கித் தூக்கி, வயிறும் போய், தானாக நிமிர்ந்திருக்கிறது. ஊரில் வேறு யாராக இருந்தாலும் திரும்பப் போய் அளந்துகொண்டு வந்திருப்பான். வாழ்க்கையில் சப்பரம் தூக்காதவனுக்கு அது எப்படித் தெரியும்.

பெரிய வெள்ளி காலை ஒன்பதரைக்கு எங்கள் முறை, மூலையிலிருந்து மூலைவரை ஒரு தெரு. மூலையில் சீட்டிலிருந்த எண்ணைப் பார்த்து நின்றோம், முன் ஆட்கள் விலக நாங்கள் நுழைந்தோம், சாம்பிராணிப் புகையில் எதிரே ஒன்றும் தெரியவில்லை, பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. மரம் என் தோளில் இறங்கியது பார், நாற்பது கிலோவுக்குப் பழகிய தோளுக்கு இது வேறு ஏதோ. ஆணி மாதிரி என்னைத் தரைக்குள் அடிக்கிறது. பத்து அடிதான் போயிருப்போம். பின்னாலிருந்து ஒப்துலியோ மெதுவாகச் சொல்கிறார், "அண்ணே, எனக்குத் தோள்ல மரமே படல. எல்லாம் உங்க மேலதான் நிக்குது." எனக்கு முன்னால் போனவர் தோளுக்கும் மரத்துக்கும் நடுவே என் கண்ணெதிரே வெளிச்சம் தெரிகிறது. மூன்று பேர் பாரத்தை நான் ஒருவன் சுமக்கிறேன். வரிசை பார்க்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார், மாற்று ஆள் இருக்கிறது, வெளியே வந்துவிடுங்கள், அவமானம் ஒன்றுமில்லை என்றார். நெஞ்சு எப்படி அடித்தது என்று உனக்கு எழுத்தில் எப்படிச் சொல்வேன். எட்டு வயதிலிருந்து எந்தச் சத்தத்துக்குப் பயந்தேனோ அதுதான் இது என்று தோன்றிவிட்டது, ஒரு கால் வெளியே வைக்கத் தூக்கியும் விட்டேன். வலிக்கிறதா என்று என்னையே கேட்டேன். வலி இல்லை. தலை சுற்றுகிறதா, இல்லை. அடிக்கிறது, அவ்வளவுதான், அடிக்கட்டும் என்று காலைத் திரும்ப உள்ளே வைத்தேன். முதுகை வளைக்கப் பார்த்தேன், பழைய கூன் வரவில்லை. சரியென்று முழங்காலை மூன்று விரல் அளவு மடக்கினேன். மரம் இறங்கி ஒப்துலியோ தோளில் உட்கார்ந்தது, அவர் ஹம்மா என்றது எனக்குக் கேட்டது. அப்படியே மடக்கின காலோடு அந்தத் தெரு முழுக்க, ஒரு அடி முன்னே, அரை அடி பக்கவாட்டில், மரத்தூள் கோலத்தை மிதித்துக்கொண்டு, தொடை இரண்டும் நெருப்பாக எரிய, மூலைவரை கொண்டுபோய் அடுத்த ஆள் தோளில் கொடுத்தேன் நினெத். வெளியே வரவில்லை. முழுசாகக் கொடுத்தேன்.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, நான் எப்படியும் விழுவேன் என்று அடுக்களையிலிருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் தெரு முழுக்க என் பக்கத்திலேயே வந்திருக்கிறாள். மூலையில் நான் பாரத்தைக் கொடுத்து முடித்ததும் அதை எனக்கு எதிரே போட்டு உட்காருங்கள் என்றாள். உட்காரத் தோன்றவில்லை என்றேன். அவளே அதில் உட்கார்ந்து முகத்தைச் சால்வையில் மூடிக்கொண்டு அழுதாள். தோளைத் தொட்டேன். தலையை நிமிர்த்தி, "அவகிட்ட எப்பங்க சொல்லப் போறீங்க?" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதில்தான் இந்தக் காகிதம்.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு பச்சை சைக்கிள் இருந்தது. ஒரு சனிக்கிழமை நீ பூங்காவை நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு முகமெல்லாம் சிவந்து மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடிவந்தாய். நீ சிரித்துக்கொண்டுதான் வந்தாய், அது எனக்கு இப்போது நன்றாக நினைவிருக்கிறது, அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. உன் நெஞ்சில் கையை வைத்தேன், படபடவென்று அடித்தது, என் இதயம் பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று பயந்துவிட்டேன். மறுநாள் அந்தச் சைக்கிளை நான்தான் கொண்டுபோய் வெளியூரிலிருந்த உன் சித்தப்பா பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். திருட்டுப் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ ஒரு வாரம் அழுதாய். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், மகளை ஓடவிட வேண்டாம், குடும்பத்து இதயம் என்று, சின்ன வயதில் என் வீட்டார் எனக்காக எழுதிய அதே கடிதத்தை. அதிலிருந்து சாயங்காலமானால் நீயும் நானும் சோபாவில் இனிப்பு ரொட்டித் தட்டோடு உட்காருவோம், பிள்ளை பத்திரமாகப் பக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. என் இதயம் நல்ல இதயம் என்று தெரிந்த அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அப்படியானால் எனக்கு யார் பார்த்துச் சொன்னது என்று நீ கேட்பாய், அதற்குப் பயந்து ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோழைத்தனம், வேறென்ன. கிறிஸ்துமஸில் நீ வம்சம் என்று சொன்னபோதுகூடச் சொல்லவில்லை, அதற்கு என்னை மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் நெஞ்சில் எந்த டாக்டரும் எதையும் கேட்டதில்லை கண்ணு. அந்தப் பேச்சு என் வாயிலிருந்து வந்தது, வேறெங்கிருந்தும் வரவில்லை. ஆகையால் அந்தப் பரிசோதனைக்கு வேறு நாள் கேட்டு வாங்கிப் போ. அவர்கள் ஏதாவது இருக்கிறது என்றால் அவர்கள் சொல்கிறபடி செய், நான் சொல்கிறபடி இனி ஒன்றும் செய்யாதே. ஒன்றுமில்லை என்றால் மறுநாளே கீழே இறங்கி நட. முதல் நாள் பயமாக இருக்கும், உனக்கு அங்கே ஒப்துலியோ கிடையாது, ஆபீஸ் தோழி யாரையாவது கூட்டிக்கொள். எனக்கு இப்போது எண்பத்தாறு கிலோ, இடுப்பு முப்பத்தெட்டு, வயது ஐம்பத்து நாலு. உனக்கு என்னைவிட இருபத்தொரு வருஷம் முன்னாலேயே நேரம் கிடைக்கிறது. அதை நினைத்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா.

உன் தலையில் கை வைத்து, நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், ஆண்டவரும் வியாகுல மாதாவும் உன்னை விட்டு விலகாமல் இருக்கட்டும். அம்மா முத்தம் தரச் சொன்னாள், குல்லா போடாமல் வெளியே போகாதே என்றும் எழுதச் சொன்னாள். இதைப் படித்துவிட்டு என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், வர வேண்டிய கோபம்தான். உடனே போன் செய்யாதே. பரிசோதனை முடிந்து நல்லபடியாகச் சொன்ன அன்றைக்கு அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கு. அது தீருகிறவரை நட. எவ்வளவு தூரம் போயிற்று என்று அப்புறம் எனக்குச் சொல், நான் பக்கத்தில் நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே கேட்கிறேன்.

உன் அப்பா,
எவாரிஸ்டோ